நாற்பத்தைந்துக்கு ஒன்று: மலையேறிய கோச்சியின் வரலாறு

கொழும்பில் மருதானையை அடுத்த தெமட்டகொடையில் உள்ள புகையிரத எஞ்சின் ஷெட், கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. இதனருகே செல்லும் மலையகப் பாதை பட்டிப்பொலவுக்கு அப்பால் 1,898 மீற்றர் உயரத்தை எட்டுகிறது. ஒரு தொன் சுமையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 186 இலட்சம் யூல் சக்தி வேண்டும். மெதுவாக ஏறினாலும் சுற்றிவளைத்து ஏறினாலும் புவியீர்ப்புக்குச் செலுத்தவேண்டிய இந்தக் கணக்கில் ஒரு யூல்கூடக் குறையாது. சரிவைத் தணித்தால் இழுக்கும் விசை குறையும், பாதையின் நீளம் கூடும்.

பாதை வகுத்தோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவித்தார்கள். 1858 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு மதிப்பீடு எகிறவே, 1861இல் தனியார் கம்பனியுடனான ஒப்பந்தம் முறிந்து வேலை அரசின் கைக்கு வந்தது. தலைமைப் பொறியியலாளராகக் கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த்தும் ஒப்பந்தகாரராக ஃபாவியலும் பொறுப்பேற்றனர். முதல் வண்டி 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை சுமார் 12 மைலில் 1,400 அடி ஏற்றம். அதற்கு அவர்கள் தேர்ந்த சரிவு 45க்கு 1, அதாவது 45 அடி முன்னேறினால் ஓரடி உயர்வு.

கண்ணுக்கு அது பெரிய சரிவாகத் தெரியாது. சில்லுக்கோ அது மிகப் பெரியது. சமதரையில் ஒரு தொன் சுமையை உருட்ட மூன்று கிலோ எடையளவு விசை போதும். இந்த ஏற்றத்தில் எடையின் 45இல் ஒரு பங்கு, தொன்னுக்கு 22 கிலோ, பின்னோக்கி இழுக்கிறது. எஞ்சினையும் சேர்த்து 300 தொன் உள்ள வண்டிக்கு ஏறத்தாழ ஏழரைத் தொன் இழுவை தேவைப்படும். எஞ்சினின் வலு எவ்வளவு பெரிதானாலும் அந்த இழுவையைத் தண்டவாளத்துக்குக் கடத்துவது உராய்வு ஒன்றே. காய்ந்த தண்டவாளத்தில், எஞ்சின் சுழற்றும் ஓட்டுசில்லுகள் தாங்கும் எடையின் கால் பங்கு வரையே உராய்வு கிடைக்கும். மழை நனைத்தால் அதில் பாதிதான். ஆகவே காய்ந்த நாளில் 30 தொன் எடை அந்தச் சில்லுகளின்மேல் இருந்தால் போதும். மலைநாட்டு மழையில் 60 தொன் வேண்டும். தண்டவாளத்தில் மணல் தூவியதும், வண்டியின் பின்னே இன்னோர் எஞ்சினை வைத்துத் தள்ளியதும் இதனால்தான்.

இறக்கமே அதிக ஆபத்தானது. ஏறும்போது சேர்த்த சக்தியின் பெரும்பகுதியைப் பிரேக் கட்டைகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இலங்கை வண்டிகளின் வெற்றிட பிரேக் இதற்குப் பொருத்தமான, மெச்சத்தக்க ஏற்பாடு. குழாயிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடுபடும். பெட்டி கழன்று குழாய் அறுந்தால் உள்ளே காற்றுப் புகும். வளியமுக்கமே பிரேக்கை இறுக்கிவிடும்.

இந்தப் பாதையில் மேலே போனவற்றில் முக்கியமானது, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருக்கான அரிசி. கீழே வந்தது கோப்பி, பின்னர் தேயிலை. பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தொட்டது. நானுஓயாப் பகுதியில் சரிவு 44க்கு 1 ஆனது. கூரிய வளைவுகளும் சேர்ந்து சில்லுகளை இன்னும் பிடித்திழுத்தன.

இந்த இரு தடைகளுக்குமான விடையாக 1927இல் காரட் எஞ்சின் வந்தது; 1945இல் மேலும் எட்டு வந்தன. ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு இயங்குதொகுதிகள், 12 ஓட்டுசில்லுகள். எடை பல அச்சுகளில் பரவியதால் தண்டவாளம் தாங்கியது, பிடிப்பும் கூடியது; தொகுதிகள் தனித்தனியே திரும்பியதால் வளைவுகளிலும் எஞ்சின் புகுந்து சென்றது. இந்த எஞ்சின்களுள் ஒன்று தெமட்டகொடையில் பேணப்பட்டது.

1954இல் கனடாவிலிருந்து எம்2 டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. இவற்றில் மின்மோட்டார் சில்லைச் சீராகச் சுழற்றுவதால் வழுக்கல் குறைந்தது. ஆனாலும், மலையேறும் வண்டிக்கு எத்தனை பெட்டி பூட்டலாம் என்பதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய அந்தச் சரிவுகளே இன்றும் தீர்மானிக்கின்றன.