பரவல் மெய்நிகர் திசைவி
பரவல் மெய்நிகர் திசைவி (டி.வி.ஆர்.): ஓப்பன்ஸ்டாக் மேகக் கணினி மென்பொருளின் வலையமைப்புப் பிரிவான நியூட்ரானில் உள்ள திசைவிப்பு முறை. 2014 அக்டோபரில் வெளியான ஜூனோ பதிப்பில் அறிமுகமானது.

பழைய முறையில், இரு துணை வலைகளுக்கு இடையிலான போக்குவரத்து முழுவதும் தனியொரு வலையமைப்பு சர்வர் வழியாகவே சென்றது. அதனால் அங்கே நெரிசல் ஏற்பட்டது. அது பழுதானால் இணைப்பும் அறுந்தது. டி.வி.ஆர்., மெய்நிகர் இயந்திரங்கள் இயங்கும் ஒவ்வொரு சர்வரிலும் திசைவியின் நகலை வைக்கிறது. உள் போக்குவரத்து அங்கேயே திசைவிக்கப்படுகிறது. மிதவை ஐ.பி. முகவரி (வெளியிலிருந்து அணுகத்தக்க முகவரி) உள்ள இயந்திரங்கள் நேரடியாக வெளியுலகை அடைகின்றன. அம்முகவரி இல்லாதவை வெளியே செல்வதற்கான முகவரி மாற்றம் மட்டும் மைய வலையமைப்பு சர்வரிலேயே நடக்கிறது.

உயர் கிடைப்புநிலை: ஜூனோவிலேயே வந்த மற்றொரு வசதி, வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையையும் கீப்அலைவ்டு நிரலையும் கொண்டு மாற்றுத் திசைவிகளைத் தயாராக வைத்திருக்கிறது. முதன்மைத் திசைவி இயல்பாக 2 நொடிக்கு ஒருமுறை அறிவிப்பு அனுப்பும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வராவிட்டால் மாற்றுத் திசைவி பொறுப்பேற்கும். டி.வி.ஆரில் மைய சர்வரில் நடக்கும் முகவரி மாற்றத்துக்கும் இக்காப்பு 2016-இன் மிட்டாக்கா பதிப்பில் கிடைத்தது.