மாட்டுக்கும் முகம் உண்டு!

குதிரை மேய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மேலுதட்டை விரல் மாதிரி வளைத்துப் புல்லைத் துழாவும். மாடு அப்படியில்லை. அதன் மேலுதடு தடித்து, மூக்கோடு ஒட்டிக் கிடக்கும். புல்லை நாக்கால் சுற்றித்தான் இழுக்கும். நமக்குச் சிரிப்பையும் அழுகையையும் தருகிற அதே ஏழாவது மூளை நரம்புதான் மாட்டின் முகத் தசைகளுக்கும் ஓடுகிறது. ஆனாலும் வாயை வைத்து அது பெரிதாக நடிக்க முடியாது!

மகா மேதை டார்வினே இங்கே கொஞ்சம் சறுக்கினார். மனிதர்கள், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872-ல் எழுதிய புத்தகத்தில், ஆடு மாடுகள் கடும் வலியைத் தவிர வேறெதையும் அவ்வளவாக முகத்தில் காட்டுவதில்லை என்றார்.

காங்கேயம் பக்கத்து விவசாயி யாராவது இதைக் கேட்டிருந்தால், ''ஏனுங்க, காதைப் பாத்தாலே தெரியாதுங்களா?'' என்று சிரித்திருப்பார்!

சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பார்த்துப் பார்த்து மேம்படுத்திய காங்கேயம் மாடுகளோடு வாழ்ந்த பூமி அது. கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர் சந்தையிலும் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அதற்கு முன் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். கூடவே கண்ணையும் காதையும் ஒரு நோட்டம்!

விஞ்ஞானம் அந்த இடத்துக்கு வந்து சேர நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2002-ல் நார்வே ஆராய்ச்சியாளர்கள், பசித்த பசுக்களின் கண்ணெதிரே தீவனத்தை எட்டாமல் வைத்தார்கள். ஏமாற்றத்தில் கண்ணின் வெள்ளை அதிகமாகத் தெரிந்தது. தீனி கிடைத்ததும் குறைந்தது! 2015-ல் டென்மார்க்கில் மாட்டின் 'வலி முகத்தை' வரையறுத்தார்கள். காதுகள் பின்னுக்கு விறைக்கும் அல்லது தொங்கும். கண்ணுக்கு மேலே சுருக்கம் விழும். நாசித் துவாரம் இறுகும். கன்னத் தசை முறுக்கேறும். வாயை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியுமா?

இதில் ஒரு சோகம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் கவலை இறைப்பு. கிணற்று மேட்டில் எருதுகள் முன்னே போய்ப் பின்னே வரும். ஓட்டுகிறவர் நாள் முழுக்க அவற்றோடுதான். எந்த மாடு களைத்தது, எது முரண்டு பிடிக்கிறது என்று முகமே சொல்லிவிடும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பம்புசெட் பெருகியது, பிறகு டிராக்டர். எருதுக்கும் நிம்மதி, மனிதனுக்கும் நிம்மதி. ஆனால் மாட்டை முகம் பார்த்துப் படிக்கிற பழக்கம் மெல்லக் கழன்று போனது. இன்று கறவை மாடு வைத்திருப்பவர் முதலில் பார்ப்பது பால் அளவைத்தான். பால் குறைந்த பிறகுதான் நோய் கண்ணில் படுகிறது. வேட்டையாடப்படும் இனம் அல்லவா... மாடு வலியை முடிந்தவரை மறைக்கும். முகமோ அதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்!

அடுத்த முறை ஒரு மாட்டைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். காது எப்படி இருக்கிறது, கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால், கால்நடை டாக்டரைக் கூப்பிடச் சொல்லி மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாயில்லா ஜீவன் என்கிறோம்... வாய்தானே இல்லை, முகம் இருக்கிறதே!