பல்லாவரத்துக் கல்

1863-ஆம் ஆண்டு மே 30. பல்லாவரத்திலே, சரளைக்காக வெட்டப்பட்ட குழியருகே ஒருவர் குனிகிறார். ஒரு கல்லை எடுக்கிறார். பொன்னல்ல, மணியல்ல, பூசைக்குரிய சிலையுமல்ல! ஆனால் இருபுறமும் செதுக்கப்பட்ட கல். கைக்குள் அடங்கும் கோடரி. எடுத்தவர் நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்.

தற்செயல் என்பர். ஓரளவுக்கு ஒப்புகிறோம். அந்தச் சரளையை வெட்டிச் சுமந்த தொழிலாளர் காலிலும் அத்தகைய கற்கள் இடறியிருக்கும். அவர்கள் அறியவில்லையெனில், குற்றம் அவர்களுடையதன்று. ஏட்டைத் தொடவிடாமல் வைத்தவர்களுடையது. ஃபூட்டோ படித்திருந்தார். பிரான்சு நாட்டு அபெவிலில் அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு கிடந்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று 1859-இல் பிரெஸ்ட்விச்சும் எவன்சும் அறிவித்ததை அறிந்திருந்தார்.

உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று கணக்கெழுதினார் அயர்லாந்துப் பேராயர் அஷர். அந்த ஏட்டுக்குள் இந்தக் கற்கள் அடங்கவில்லை.

அங்கே கணக்கு சிறிது. நம் நாட்டுப் புராணிகர் கணக்கோ பெரிது! கலியுகம் பிறந்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டு. அதற்குமுன் துவாபரம் 8,64,000. அதற்கும்முன் திரேதா 12,96,000. கூட்டிப் பார்ப்போம், தோழர்களே. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஆண்டுக்கு முந்தியது முதல், இருபத்தொரு இலட்சம் ஆண்டுக்கு முந்தியது வரை திரேதா யுகம். மணிமுடியும் மாளிகையும், தேரும் யாகமும் மலிந்திருந்ததாகக் கதை சொல்லப்படும் காலம்.

பல்லாவரத்துக்குப் பின், அதே 1863-இல், ஃபூட்டும் உடன் சென்ற வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டனர். பிற்காலத்தில் சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே அகழ்ந்தனர். மண்ணில் புதைந்த கல்லுக்குள் சில கதிரியக்க அணுக்கள் அளந்த வேகத்தில் தேய்கின்றன; எஞ்சியதை அளந்து, புதைந்த காலத்தைக் கணித்தனர். 2011-இல் முடிவு வெளியாயிற்று: சுமார் 15 இலட்சம் ஆண்டுகள்!

நடுத் திரேதா யுகம். அங்கே கிடைத்ததென்ன? மணிமுடியா, தேர்ச் சக்கரமா? குவார்ட்சைட் கல்லைச் செதுக்கிய கைக்கோடரி. செய்தவனும் நம்மைப் போன்ற மனிதனல்லன். நம் இனம் தோன்றுமுன் வாழ்ந்த முன்னோன். வேதம் ஓதத் தெரியாதவன், கல்லை எந்தக் கோணத்தில் தட்டினால் கூர் வருமென்று தெரிந்தவன்.

ஃபூட் திரட்டிய கற்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிற்று. எழும்பூருக்குச் செல்லும் தோழர்கள் வெண்கலச் சிலைகளோடு திரும்பிவிடாமல், கற்காலக் கருவிகளையும் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.