ஒரு புள்ளியில் மறைந்த பெயர்

அரபு எழுத்துகளில் ‘பா’வும் ‘யா’வும் சொல்லின் முதலில் வரும்போது வடிவில் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இட்டால் ‘பா’. இரண்டு இட்டால் ‘யா’. இச்சிறு வேற்றுமை பிறழ்ந்தமையால், பெருஞ்சமயம் ஒன்றின் தலைவரது பெயர் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. அவ்வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

கபிலவஸ்துவின் அரசகுமாரர் சித்தார்த்தரின் கதை பலரும் கேட்டதே. மகன் துறவு பூணக்கூடும் என்று சோதிடர் உரைத்ததால், துன்பத்தின் சாயலும் படாமல் அவரை அரண்மனைக்குள் வளர்த்தார் தந்தை சுத்தோதனர். ஆயினும் முதியவர் ஒருவரையும், நோயாளி ஒருவரையும், பிணம் ஒன்றையும், அமைதி தவழும் துறவி ஒருவரையும் கண்ட குமாரர் அரசைத் துறந்து வெளியேறினார். ஞானம் பெறுவதற்கு முன்னைய நிலையில் அவரைப் பௌத்தர்கள் ‘போதிசத்துவர்’ என்பர்.

இக்கதை மத்திய ஆசியாவின் வணிகப் பாதைகளில் மேற்கு நோக்கி நடந்தது. துர்ஃபானில் கண்டெடுக்கப்பட்ட மானி மதத்தாரின் ஏட்டுத் துணுக்குகளில் அதன் தடம் உண்டு. அப்பாசியர் ஆட்சியில் அது அரபியில் நூலாயிற்று. இப்னுன் நதீம் ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. ஷீஆ அறிஞர் இப்னு பாபவைஹியும் தம் நூலொன்றில் அக்கதையை விரிவாக எடுத்தாண்டார்.

அரபுக் கதையில் குமாரரைத் தேடிவரும் துறவியின் பெயர் பிலவ்ஹர். அவர் நமக்கு அண்மையிலுள்ள ஸரந்தீபிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, வணிகர் வேடத்தில் வருகிறார். தம்மிடம் விலைமதிப்பற்ற மணி ஒன்று இருப்பதாகக் கூறி அரண்மனைக்குள் புகுகிறார். அம்மணி ஞானமே. உவமைகள் வாயிலாக உலகின் நிலையாமையை அவர் போதிக்கிறார். ஓரிறைக் கொள்கையின் சாயல் அதில் படிந்தது உண்மை. ஆனால் அத்துறவியை முஸ்லிமாக்கிக் காட்ட எவரும் முனையவில்லை.

குமாரரின் பெயரோ ‘போதிசத்துவர்’ என்பதன் திரிபாகிய ‘பூதாஸஃப்’. எழுத்தரின் கையில் ஒரு புள்ளி இரண்டாகி, அது ‘யூதாஸஃப்’ ஆயிற்று. ஜார்ஜிய மொழியினர் அக்கதையைக் கிறித்தவக் கதையாக்கியபோது ‘இயோதாசஃப்’ என்றனர். 1028இல் மறைந்த ஏத்தோஸ் மலைத் துறவி யூதிமியஸ் ஜார்ஜியத்திலிருந்து கிரேக்கத்தில் ஆக்கியதாகக் கருதப்படும் நூலில் ‘யோவாசஃப்’ என்று நின்றது. இலத்தீனில் ‘யோசஃபாத்’ ஆகி, 16ஆம் நூற்றாண்டில் உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலிலும் நவம்பர் 27ஆம் நாளுக்குரியதாக இடம்பெற்றது. அப்புனிதர் உண்மையில் புத்தரே என்பதை 1859இல் பிரெஞ்சு அறிஞர் லபூலேயும், 1860இல் ஜெர்மானிய அறிஞர் லீப்ரெக்டும் எடுத்துக்காட்டினர்.

கதை வாழ்ந்தது, கதைக்குரியவரின் பெயரும் அவரது கொள்கையும் வழியிலேயே உதிர்ந்தன. இதில் நமக்கும் ஒரு பங்குண்டு என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. அந்நேர்மையை நம் முன்னோரிடமே காண்கிறோம். கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அல்பீரூனி, பௌத்தரின் கொள்கையைக் கற்பதற்கு அவர்களது நூல் ஒன்றோ, அவர்களுள் ஒருவரோ தமக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். பிறர் வாய்ச்சொல்லைத் தம் அறிவாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஷஹ்ரஸ்தானியோ, புத்தரைக் குறித்துத் தமக்கு எட்டிய வருணனைக்கு முஸ்லிம்கள் நம்பும் கிள்ரு (அலை) அவர்களையே நெருங்கிய ஒப்புமையாகக் கூறினார்.

பிறர் மார்க்கத்தைப் பழுதின்றி அறிவதால் நம் ஈமானுக்குக் குறைவு வந்துவிடாது. தவறாக அறிந்து அதையே பிறருக்குச் சொன்னால் நம் அமானிதத்துக்குத்தான் குறைவு. மதரஸாவில் பலகையில் எழுதும் பிள்ளைகளிடம், “புள்ளியைப் பார்த்துப் போடு” என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அச்சொல் எழுத்துக்கு மட்டும் உரியதன்று.