மூன்று கட்டடம், ஒரே மனை: ஆட்டோகேட் எக்ஸ்ரெஃபும் ரெவிட் லிங்கும்

சென்னைப் புறநகரில் ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். வடக்கு எல்லையைவிடத் தெற்கு எல்லை ஒன்றரை மீட்டர் தாழ்வு. அதில் மூன்று கட்டடங்கள் வரவேண்டும். ஒன்றை நான் வரைகிறேன், இரண்டாவதை அடுத்த மேசைக்காரர், மூன்றாவதை வேறு அலுவலகம். மூன்றும் தனித்தனி ஃபைல்கள். தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே சைட் பிளானில் கொண்டுவந்து வைக்கும் நாளில்தான் வேலையே தொடங்குகிறது. இதை ஆட்டோகேடிலும் செய்திருக்கிறேன், ரெவிட்டிலும் செய்திருக்கிறேன். ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் இந்த இரண்டு மென்பொருள்களும் இந்த ஒரு வேலையை எவ்வளவு வேறுவிதமாக நினைக்கின்றன என்பது புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஆட்டோகேட் 1982இல் வந்தது. அதில் ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைக் கொண்டுவர முதலில் இருந்த வழி பிளாக்காகச் செருகுவது. செருகியபின் அது வெறும் நகல். மூலப்படத்தில் படிக்கட்டை மாற்றினால் சைட் பிளானில் பழைய படிக்கட்டே நிற்கும். 1990இல் வந்த 11ஆம் பதிப்பில் எக்ஸ்ரெஃப் வந்து இதை மாற்றியது. சைட் பிளான் கட்டடத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் ஃபைலைச் சுட்டிக்காட்டுகிறது. திறக்கும்போதெல்லாம் புதிய படம் வந்து நிற்கும். ரெவிட் 2000இல் வெளிவந்தது. 2002இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. அதன் லிங்க்கும் மேலோட்டமாகப் பார்த்தால் எக்ஸ்ரெஃப்தான். அட்டாச், ஓவர்லே என்ற இரண்டு வகைகூட இரண்டிலும் உண்டு.

வேறுபாடு கட்டடத்தின் விலாசம் எங்கே எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. எக்ஸ்ரெஃபில் அது சைட் பிளானில் மட்டும் இருக்கிறது: இந்தப் புள்ளியில் வை, இத்தனை டிகிரி திருப்பு, அவ்வளவுதான். கட்டடத்தின் ஃபைலுக்குத் தான் எந்த மனையில் நிற்கிறோம் என்பதே தெரியாது. ரெவிட்டில் லிங்க்கைச் சரியான இடத்துக்கு நகர்த்தித் திருப்பி வைத்தபின் ‘பப்ளிஷ் கோஆர்டினேட்ஸ்’ கொடுத்தால், அந்த விலாசம் கட்டடத்தின் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படுகிறது. அடுத்த முறை அதே ஃபைலை ‘ஷேர்டு கோஆர்டினேட்ஸ்’ முறையில் அழைத்தால், யாரும் கைவைக்காமல் தன் இடத்தில் போய் நிற்கும். ஒரே மாதிரிக் கட்டடம் மனையில் நான்கு இடத்தில் வந்தால், ஒரே ஃபைலுக்கு நான்கு பெயரில் நான்கு விலாசம் கொடுக்கலாம். கட்டடத்தைச் சுவருக்கு நேராக வைத்து வரைந்துகொண்டே, உண்மை வடக்கு எந்தப் பக்கம் என்பதையும் அந்த ஃபைல் நினைவில் வைத்திருக்கும்.

ஆட்டோகேடில் இந்த வசதியை மனிதக் கட்டுப்பாட்டால் ஈடுகட்ட வேண்டும். பலமாடிக் குடியிருப்பு ஒன்றில் வெளி அலுவலகத்துப் படம் எங்களுக்கு அங்குலக் கணக்கில் வந்தது. அலகு என்னவென்று ஃபைலில் குறிக்கவில்லை. எங்கள் சைட் பிளான் மில்லிமீட்டரில். ஐம்பது அடிக் கட்டடம், அதாவது 600 அங்குலம், 600 மில்லிமீட்டராக வந்து நின்றது: ஒரு முக்காலியின் அகலம். அது கண்ணில் பட்டுவிடும் தவறு என்பதால் தப்பித்தோம். கண்ணில் படாத தவறுகளே ஆபத்து. வடக்கு இரண்டு டிகிரி விலகியிருந்தால் திரையில் யாருக்கும் தெரியாது. ஐம்பது மீட்டர் தள்ளிப்போனால் அது ஒன்றே முக்கால் மீட்டர். செட்பேக் அங்கே பறிபோகும்.

லேயர்களைப் பொறுத்தவரை ஆட்டோகேட் நேர்த்தியானது. வந்த ஃபைலின் பெயரும் ஒரு செங்குத்துக் கோடும் லேயர் பெயருக்கு முன்னால் சேர்ந்துவிடுவதால், யார் வீட்டுச் சுவர் எது என்ற குழப்பம் வராது. ரெவிட்டில் இதற்கு ஒவ்வொரு வியூவிலும் லிங்க் எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லவேண்டும். பழகினால் போதும்.

சர்வேயர் டோட்டல் ஸ்டேஷனில் எடுத்துத் தரும் உலக ஆயத்தொலைவுகளில் இரண்டுமே தடுமாறும். யுடிஎம் முறையில் சென்னையின் வடக்கு அளவு 14 லட்சம் மீட்டருக்கு மேல். அதை மில்லிமீட்டராக்கினால் பத்து இலக்க எண். ஆட்டோகேடில் அவ்வளவு தூரத்தில் வரைந்தால் கோடுகள் நடுங்கும், ஹேட்ச் உடையும். ரெவிட் இதில் கண்டிப்பானது. உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள்தான் கட்டடம் இருக்கவேண்டும். ஆனால் தப்பிக்கும் வழியையும் அதுவே தருகிறது: கட்டடத்தை மூலப்புள்ளிக்குப் பக்கத்திலேயே வரை, உலக எண்ணை ‘சர்வே பாயின்ட்’டுக்குக் கொடு.

எனக்கு முக்கியமாகப் படுவது உயரம். ஆட்டோகேட் சைட் பிளான் நடைமுறையில் தட்டையானது. இசட் அச்சு அதற்கும் உண்டு, ஆனால் பயன்படுத்துபவர் அரிது. மூன்று கட்டடமும் தம் தம் படத்தில் ‘±0.00’ என்றே சொல்லும். ஒன்றரை மீட்டர் சரிவில் அந்த மூன்று சுழியமும் ஒரே மட்டமா? படம் பதில் சொல்லாது. பேஸ்மட்டத்தைக் களத்தில் டியூப் லெவல் பிடிக்கும் மேஸ்திரி தீர்மானிப்பார். ரெவிட்டில் லிங்க்கை வைக்கும்போது உயரத்தையும் சேர்த்தே வைக்கவேண்டியிருக்கிறது. மனையின் குறுக்கே ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்தால் மூன்று பேஸ்மட்டமும் படிப்படியாகத் தெரியும், நிலம் எங்கே வெட்டுப்படுகிறது, எங்கே நிரப்பப்படுகிறது என்பதும் தெரியும். 2024 பதிப்பில் நிலத்தையே கனமுள்ள பொருளாக வரையும் ‘டோப்போசாலிட்’ வந்தபின் இது இன்னும் எளிது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில், மூன்று கட்டடத்துக்கு நடுவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காட்டாத சைட் பிளானை முழுமையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ரெவிட்டின் பிடிவாதமும் உண்மை. புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் ஒரு பதிப்பு பின்தங்கியிருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஆட்டோகேட் ஃபைலைப் பழைய வடிவத்துக்கு இறக்கிச் சேமிக்கலாம். சமதள மனையில் இரண்டு வீடு, சிறிய அலுவலகம் என்றால் எக்ஸ்ரெஃபே போதும். அதற்கு ரெவிட் வாங்கச் சொல்லமாட்டேன். சரிவான மனை, மூன்று கட்டடமோ அதற்கு மேலோ, வெளியிலிருந்து வரும் படங்கள் என்றால் ரெவிட்டைத்தான் சொல்வேன்.

மார்க்கிங் போடும் காலையில் சர்வேயர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு மூலைகளின் எண்களைக் கேட்பார். எக்ஸ்ரெஃபில் வேலை செய்திருந்தால் சைட் பிளான் ஃபைலைத் திறந்துதான் எடுத்துக்கொடுக்க வேண்டும்; அது யாருடைய கணினியில் இருக்கிறதோ அவரை எழுப்ப வேண்டும். ரெவிட்டில், விலாசம் எழுதப்பட்ட கட்டட ஃபைல் ஒன்று கையில் இருந்தாலே அந்த இரண்டு மூலைகளையும், அவற்றோடு பேஸ்மட்டத்தின் உயரத்தையும் படித்துச் சொல்லிவிடலாம்.