தோட்டத்துத் திராட்சை ஒயினுக்கு, வேலியோரக் களா ரம்முக்கு

கோலார் தங்கவயலின் ஆங்கிலோ-இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்பே இரண்டு ஜாடிகள் அலமாரி ஏறிவிடும். ஒன்றில் திராட்சை நொதிக்கும். மற்றதில் கேக்குக்கான உலர்பழம் ரம்மில் ஊறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: பழம், சர்க்கரை, மூடி, காத்திருப்பு. உள்ளே நடப்பதோ நேர்எதிர். முதல் ஜாடியில் பழம் மதுவாக மாறுகிறது. இரண்டாவதில் ஏற்கெனவே மதுவாக இருப்பது பழத்தின் சத்தை வாங்கிக்கொள்கிறது. வீட்டில் பழ மது செய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது கையிலிருக்கும் பழம் எந்த ஜாடிக்கு ஏற்றது என்பதைத்தான். தோட்டத்துப் பழம் ஒயினுக்கு, வேலியோரப் பழம் ரம்முக்கு என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே வரிசையாகப் பார்க்கலாம்.

ஊரும் பழமும்

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அனுபவசாலிச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து, இடுப்பளவு குனிந்து நுழைய வேண்டிய லைன் வீடுகளில் குடியேறினார்கள். அதிகாரிகளுக்கோ தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். ஊருக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயர் வந்தது அந்தப் பங்களாக்களை வைத்துத்தான், லைன்களை வைத்தல்ல. தோட்டம் இருந்த வீட்டுக்கே ஜாடி வைக்க இடமும் சர்க்கரைக்குப் பணமும் இருந்தன.

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பிளாக்தார்ன் என்னும் முட்புதரின் கருநீலக் காய்களைப் பறித்து, சர்க்கரையோடு ஜின்னில் ஊறவைப்பார்கள். அதற்கு ‘ஸ்லோ ஜின்’ என்று பெயர். காயாகத் தின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும்; ஜின்னில் ஊறினால் மணக்கும். அந்தப் புதர் நம் வெயிலில் வளராது. ஆனால் அதற்கு ஈடான புளிப்பும் துவர்ப்பும் கோலார் மண்ணில் ஏராளம். பாறைக்காட்டில் சிறுகளா, சாலையோரத்தில் நாவல், பட்டுப்புழு வளர்க்கும் ஊர்களில் முசுக்கட்டை என்கிற மல்பெரி. பட்டுக்காரர்கள் இலைக்காக அடிக்கடி கவாத்து செய்வதால் வயல் செடியில் பழம் அதிகம் பார்க்க முடியாது. வேலியில் விட்டுப்போன செடியில்தான் கறுத்துத் தொங்கும்.

தோட்டத்தின் பக்கம் ஆட்சி செய்வது ‘பெங்களூர் ப்ளூ’ திராட்சை. பெங்களூரு, சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரத்தில் விளையும் இந்தக் கருநீலத் திராட்சைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோலை அழுத்தினால் சதை வழுக்கி வெளியே வரும். புளிப்பும் தூக்கலான வாசனையும் உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, ஆங்கிலோ-இந்தியச் சமையல் நூல்கள் பல எழுதிய பிரிட்ஜெட் வைட்-குமாரின் குறிப்புகளில் திராட்சை ஒயினும் இஞ்சி ஒயினும் கிறிஸ்துமஸ் பலகாரங்களுக்குப் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன.

கை வேலை

ஒயினுக்கு வீட்டில் வழங்கும் அளவு ஏறத்தாழ இப்படி: இரண்டு கிலோ திராட்சை, ஒன்றரை கிலோ சர்க்கரை, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர், ஒரு கைப்பிடி கோதுமை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் நசுக்கிப் பீங்கான் ஜாடியில் போட வேண்டும். அலுமினியம், செம்புப் பாத்திரங்கள் புளிப்புக்கு ஆகாது. மூடியை இறுக்காமல் மல் துணியால் வாய்கட்டினால் போதும். இரண்டாம் நாளே தோல்களை வாயு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடும். மரக்கரண்டியால் அந்த மேல்படலத்தைக் கீழே அமுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று நுரை கிளம்பி, கரண்டிக் காம்பு வரை ஏறும். நாள்தோறும் இப்படி அமுக்கிவிட வேண்டும். ஒரு வாரம் மறந்தால் மேலே மிதக்கும் தோல் காய்ந்து பூஞ்சை பிடிக்கும், பழ ஈ உட்காரும், ஒயின் வினிகராகிவிடும். மூன்று வாரம் கழித்து வடிகட்டி, மறுபடி மூன்று வாரம் தெளியவிடுவார்கள். சிலர் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து வண்டலை இறக்குவதும், கருக்கிய சர்க்கரையால் நிறம் கூட்டுவதும் உண்டு.

ரம் ஜாடிக்கு இத்தனை சீராட்டு வேண்டாம். களாவைக் கீறிப் பாலை வடியவிட்டு, கழுவித் துடைத்து, கண்ணாடி ஜாடியில் சர்க்கரையோடு போட்டு, பழம் மூழ்க ரம் ஊற்றி இறுக மூடினால் வேலை முடிந்தது. சர்க்கரை கரையும்வரை அவ்வப்போது ஜாடியைக் குலுக்கினால் போதும். முதல் நாளிலேயே பழத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் நூலாக இறங்கும். சில வாரங்களில் பழம் வெளுத்துச் சுருங்கும், ரம் கறுக்கும். சுரங்கத்து ஆலையில் பொடித்த பாறைமேல் சயனைடு கரைசலை ஓடவிட்டுத் தங்கத்தைக் கரைத்தெடுத்தார்களே, தத்துவம் அதுதான்: பாறை கிடந்த இடத்திலேயே கிடக்கும், வேண்டியது கரைசலுக்கு வந்துவிடும்.

காரமும் இனிப்பும்

வீட்டு ஒயின் ஏன் அவ்வளவு தித்திக்கிறது? நொதிக்கும் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். மேலே சொன்ன அளவில் பழத்தின் இனிப்பும் சேர்ந்து லிட்டருக்கு 400 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். கணக்குப்படி 23 சதவீதம் வர வேண்டும். ஆனால் 14, 15 சதவீதத்தை எட்டும்போதே தான் உண்டாக்கிய ஆல்கஹாலைத் தாங்க முடியாமல் ஈஸ்ட் ஓய்ந்துவிடுகிறது. மீதிச் சர்க்கரை, லிட்டருக்கு 140 கிராமுக்குக் குறையாமல், நாக்குக்கு வருகிறது. கோதுமை போடுவது ஈஸ்ட்டுக்குத் தீனியாகத்தான். காரம் வேண்டும் என்று சர்க்கரையை இன்னும் கொட்டினால் காரம் ஏறாது. அளவு மீறிய பாகில் ஈஸ்ட் கிளம்பவே திணறும்.

ரம்மில் கணக்கு கீழ்நோக்கிப் போகிறது. இந்திய ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். 750 மில்லி ரம்மில் அரைக்கிலோ பழமும் கால்கிலோ சர்க்கரையும் சேர்த்தால், பழத்தின் நீர் வெளியேறி முழுதும் கலந்தபின் சுமார் 25 சதவீதத்தில் நிற்கும். ஐரோப்பிய விதிப்படி ஸ்லோ ஜின்னுக்குக் குறைந்தபட்ச அளவும் 25தான். இந்த அளவில் நுண்ணுயிர் எதுவும் வளராது. ரம்மை மிச்சம் பிடிக்க நினைத்துப் பழத்தை அள்ளிப்போட்டால் இந்தக் காவல் போய்விடும்.

எந்தப் பழம் எதற்கு

காட்டுப் பழம் பறிக்கப் போனவர்களுக்குத் தெரியும்: முள்ளில் கை கீறிக்கொண்டு ஒரு மதியம் அலைந்தால் ஒரு டம்ளர் களா தேறும். அதில் பாதி பழுத்தது, பாதி செங்காய், ஒன்றிரண்டு பறவை கொத்தியது. ஒயினுக்குக் கிலோக்கணக்கில், ஒரே பதத்தில் பழம் வேண்டும். கொத்துப்பட்ட ஒன்று போதும் ஜாடியைக் கெடுக்க. ரம்மோ கைப்பிடி பழத்துக்கும் இசையும். ஒட்டியிருக்கும் காட்டு நுண்ணுயிர்களும் அதில் பிழைப்பதில்லை. கொத்துப்பட்டதை மட்டும் பொறுக்கி எறிந்தால் சரி. நாவலின் துவர்ப்பு ஒயினில் கடுமையாகத் தெரியும். சர்க்கரை கலந்த ரம்மில் அதுவே சுவைக்குக் கனம் சேர்க்கிறது.

நாட்காட்டியும் இதையே சொல்கிறது. களாவும் நாவலும் கோடை முடிவில், ஜூன்-ஜூலை வாக்கில் வந்துபோய்விடும். கிறிஸ்துமஸ் வரை அவற்றைக் காக்க ரம்தான் வழி. பெங்களூர் ப்ளூ ஆண்டுக்கு இரு போகம் விளைவது. நவம்பர் தொடக்கத்தில் வாங்கி ஜாடியில் போட்டால் ஆறு வாரத்தில் பண்டிகைக்கு ஒயின் தயார்.

செலவில் மட்டும் ஒயின் ஜெயிக்கிறது. திராட்சை, சர்க்கரை விலையில் நாலைந்து புட்டி கிடைக்கும். ரம் ஜாடி கடைச் சரக்கை நம்பியிருப்பது. ஒரு புட்டி வாங்கினால் ஒரு புட்டிக்குச் சற்று மேல், அவ்வளவே.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகளும் உண்டு. உண்ணிச்செடியின் காய் நஞ்சு. அதன் பழமும் ஜாடிக்கு வேண்டாம். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் ஓரத்தில் காய்த்திருப்பது எவ்வளவு கறுப்பாக மினுங்கினாலும் விட்டுவிடுவது நல்லது.

அடுப்பும் சட்டமும்

இரண்டு ஜாடிகளும் அடுப்பேறுவதில்லை. காய்ச்சி வடிப்பதன் ஆபத்து இரண்டிலும் கிடையாது. கள்ளச்சாராயச் சாவுகளின் நினைவு இந்த வட்டாரத்தில் பழையதல்ல. 1981இல் பெங்களூருவில் மெத்தனால் கலந்த சாராயம் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கர்நாடகம் 2007இல் சாராயத்தைத் தடைசெய்தபின், 2008 மே மாதம் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலிவேலை செய்து பிழைத்தவர்கள்.

சட்டத்தின் பார்வையில் இரு ஜாடிகளுக்கும் இடையே மக்கள் நினைக்கும் இடைவெளி இல்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதை 1965ஆம் ஆண்டுக் கர்நாடகக் கலால் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டு ஒயின் அதற்குள் அடங்கும். வரி கட்டிய ரம்மில் பழம் போடுவது தயாரிப்பே அல்ல என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதே சட்டம் மணமூட்டல், கலத்தல், நிறமேற்றல் ஆகியவற்றையும் ‘தயாரிப்பு’ என்றே எண்ணுகிறது. கேரளக் கலால் துறை 2019 டிசம்பரில் வீட்டு ஒயினுக்கு எதிராக எச்சரிக்கை விட்டபோது எழுந்த சலசலப்பு, வழக்கமும் சட்டமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைக் காட்டியது. விற்பனைக்கு என்று ஆகிவிட்டால் இரண்டுமே சட்டத்திடமிருந்து தப்ப வழியில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய வெளியேற்றத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல பெங்களூருவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. போன இடத்திலும் திராட்சை கிடைக்கும், ஈஸ்ட் கிடைக்கும். ஒயின் ஜாடியை எங்கும் வைக்கலாம். சிறுகளாவை வாங்கக் கடை கிடையாது. ஊர் ருசி எது என்று கேட்டால் எல்லோரும் ஒயினைத்தான் காட்டுவார்கள். ஆனால் கோலார் மண்ணின் புளிப்பைப் பிடித்துவைக்கக்கூடியது ரம் ஜாடிதான். ஒரு டம்ளர் களா கிடைத்த ஆண்டில் அதை வீணாக்காமல் அங்கே போடுவதே புத்திசாலித்தனம்.