கரிசல் மண்ணும் வாக்குச் சீட்டும்: லவுண்ட்ஸ் கவுன்ட்டியின் வரலாறு

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, நம் வட்டாரத்து வரலாற்றையே எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் கடல் கடந்த நாட்டுப்புறம் ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். ஐவரில் நால்வர் என்னும் அளவுக்குப் பெரும்பான்மையாக வாழ்ந்தும், 1965ஆம் ஆண்டு பிறந்தபோது வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர்கூட இல்லாதிருந்த மக்களின் வரலாறு அது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணியாற்றியவன் யான். பட்டியலில் பெயர் இருப்பதன் பொருளை நம் இளைஞர் பலர் உணராதிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கே அலபாமா என்னும் மாநிலம் உள்ளது. அங்கு மாநிலங்கள் கவுன்ட்டி என்னும் ஆட்சிப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்றது எனலாம். ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. காவல் அதிகாரியான ஷெரிப், வரி மதிப்பீட்டாளர், வரி தண்டுவோர், பள்ளிக் கல்விக் குழுவினர் ஆகியோரை அங்கு மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். எனவே வாக்குரிமை இல்லாதவனுக்கு அங்கே சட்டமன்றம் மட்டும் எட்டாதிருப்பதன்று. காவல் நிலையமும் பள்ளிக்கூடமும் எட்டாமற் போகும். இதனை மனத்திற்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

லவுண்ட்ஸ் கவுன்ட்டி 1830இல் அமைக்கப்பட்டது. மாநிலத் தலைநகரான மாண்ட்காமரிக்கும் செல்மா நகருக்கும் இடையே அது கிடக்கிறது; தலைமையூர் ஹேன்வில். அதன் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை ஒத்தது. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் வெடித்துப் பிளக்கும் களிமண். பருத்திக்கு ஏற்ற அம் மண்ணின் நிறத்தாலேயே அவ் வட்டாரம் முழுவதும் 'கறுப்புப் பட்டை' எனப் பெயர் பெற்றது. பருத்தியைப் பயிரிட வெள்ளைப் பண்ணையார்கள் அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தனர். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்த 27,000க்கு மேற்பட்டோரில் பத்துக்கு ஏழு பேர் அடிமைகள். கால்நடையோடும் கலப்பையோடும் சேர்த்து அவர்களும் பண்ணையாரின் சொத்துக் கணக்கிலே எழுதப்பட்டிருந்தனர்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலை பெற்றவனுக்கு மாடு இல்லை, ஏர் இல்லை, விதை இல்லை. பழைய பண்ணையாரிடமே வாரத்துக்கு உழச் சென்றான். விதையும் உணவும் துணியும் பண்ணையாரிடமோ கடைக்காரரிடமோ கடனாகப் பெற்று, பருத்தி விற்றபின் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கை எழுதுபவர் கடன் கொடுத்தவர். கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கோ எழுத்துத் தெரியாது. ஆண்டு முடிவில் கையில் மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்கான கடனே. நம் பாட்டன்மார் களத்துமேட்டில் நின்று கேட்ட கணக்கும் இதுதான் என்று விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆயினும் அடிமை ஒழிந்த பின்னர்ச் சில ஆண்டுகள் கறுப்பின ஆடவர் வாக்களித்தனர் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். இல்லாத உரிமை புதிதாக வந்ததென்று 1965ஐக் கருதுவது பிழை. பறிக்கப்பட்ட உரிமையே அவ்வாண்டில் மீட்கப்பட்டது. பறித்த கருவி 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சட்டம். எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி ஆகியவற்றை அது விதித்தது. கட்டத் தவறிய ஆண்டுகளின் வரியும் நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகும். 'கறுப்பர்' என்ற சொல்லே அவ்விதிகளில் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. கறுப்புப் பட்டையின் 14 கவுன்ட்டிகளில் 79,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிற்று.

இவ்விருளினிடையே ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. 1892இல் புக்கர் வாஷிங்டனின் துணையோடு சார்லட் தார்ன், மேபல் டில்லிங்காம் என்னும் இரு வெள்ளைப் பெண்மணிகள் கால்ஹூன் என்னும் ஊரிலே கறுப்பினக் குழந்தைகளுக்காக அதனைத் தொடங்கினர். ஆசிரியன் என்ற முறையில் என்னை ஈர்த்தது அப்பள்ளி கற்பித்த பாடங்களைக் காட்டிலும் அது செய்த வேறொரு காரியம். அதனைச் சார்ந்தோர் பண்ணை நிலங்களை விலைக்கு வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, தவணை முறையில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்றனர். படிப்போடு பட்டாவும் வேண்டும் என்பதை அப்பெண்மணிகள் அன்றே கண்டுகொண்டனர்! சொந்த நிலம் பெற்ற அத்தகைய குடும்பங்கள் எத்துணை முக்கியமானவை என்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

1906இல் அறிஞர் டுபாய்ஸ் அக் கவுன்ட்டிக்கு வந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். மத்திய அரசின் தொழிலாளர் துறைக்காக, உதவியாளர் பலரைக் கொண்டு வீடு வீடாகச் சென்று நிலம், குத்தகை, கடன், குடும்பம், அரசியல் ஆகிய அனைத்தையும் கணக்கெடுத்தார். ஒரு நாட்டுப்புறத்தின் மக்களையும் பொருளியலையும் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த பணி அக்காலத்தில் அரிது. அரசு அதனை வெளியிடவில்லை. அரசியலைத் தொடுகிறது என்று காரணம் கூறப்பட்டது. பின்னர் அவர் கையெழுத்துப் படியைத் திருப்பிக் கேட்டபோது, அது அழிக்கப்பட்டுவிட்டது என்று விடை வந்தது. இத்தனைக்கும் எழுதியவர் புகழ்பெற்ற பேராசிரியர். இதே டுபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். அவரும் அன்போடு விடை எழுதினார்.

மக்கள் தொகை 1900இல் 35,651. அதுவே உச்சம். காய்களைத் துளைக்கும் கூன்வண்டு பருத்தியை அழித்தது, சிகாகோ, டெட்ராய்ட் முதலிய நகரங்களின் ஆலைகள் ஆட்களை இழுத்தன, பருத்தி வயல்கள் மேய்ச்சல் நிலங்களாயின, எந்திரங்கள் வந்தன. 1935இல் நூறு பவுண்டு பருத்தி பறிக்க ஒரு டாலர் கூலி கேட்டு வாரக்குடிகள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அடியாலும் துப்பாக்கியாலும் அது ஒடுக்கப்பட்டது. 1960இல் எஞ்சியோர் 15,417 பேர். அவர்களில் ஐவருக்கு நால்வர் கறுப்பினத்தார். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கோ 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் இருந்தது.

இனி 1965. வாக்குரிமை வயதை எட்டிய கறுப்பினத்தார் 5,122 பேர்; பதிவு பெற்றவர் ஒருவருமில்லை. வெள்ளையரிலோ இருந்தவரைவிடப் பதிவு பெற்றவர் மிகுதி! இறந்தோரும் ஊரைவிட்டுப் போனோரும் பட்டியலில் தொடர்ந்து வாழ்ந்தனர் போலும். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே திங்கட்கிழமைகள் திறந்திருக்கும். மார்ச் முதல் நாள் ஏறத்தாழ 40 பேர் துணிந்து ஹேன்வில் நீதிமன்றத்துக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினர். இரண்டு வாரங்கள் கழித்துப் பழைய சிறைக் கட்டடத்தில் அவர்களுக்குத் தேர்வு வைத்தனர், தேறியவர் இருவர். அவ்விருவருள் ஒருவர் ஜான் ஹியூலட். பர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலையில் உழைத்து, தொழிற்சங்கம் பயின்று, பிறந்த ஊருக்குத் திரும்பியவர். அம்மாதமே அவர் தலைமையில் கவுன்ட்டி மக்கள் ஓர் உரிமை இயக்கத்தை நிறுவினர்.

மார்ட்டின் லூதர் கிங் செல்மாவிலிருந்து மாண்ட்காமரி வரை நடத்திய நடைப்பயணம் மார்ச் 21 முதல் 25 வரை இக் கவுன்ட்டியின் நெடுஞ்சாலை வழியாகவே சென்றது. பயணம் முடிந்த இரவு, தொண்டர்களைத் தம் காரில் ஏற்றிச் சென்ற வயோலா லியூட்சோ என்னும் வெள்ளைப் பெண்மணி இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 20இல் ஜோனதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹேன்வில்லில் பட்டப்பகலில் சுடப்பட்டு மாண்டார். சுட்டவனை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு விடுவித்தது. கூட்டம் கடந்து சென்ற பின்னும் ஊரிலே தங்கியவர் ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய மாணவர் இயக்கத் தொண்டர்கள். ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேற, நான்கு நாட்களில் மத்திய அரசின் பதிவாளர்கள் வந்தனர். சில மாதங்களில் 2,000 பேர் அளவுக்குப் பதிவு பெற்றனர்.

விலை உடனே கேட்கப்பட்டது. பதிவு செய்த வாரக்குடிகளைப் பண்ணையார்கள் ஆண்டு முடிவில் வெளியேற்றினர். வீடிழந்தவர்கள் 80ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்தனர். 'கூடார நகர்' என்ற அவ்விடத்தில் குழந்தைகளோடு சிலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தனர். இரவில் சாலையிலிருந்து துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து வந்தன. தொண்டர்களைத் தம் வீட்டில் தங்க வைத்தவர்களும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களும் பெரும்பாலும் சொந்த நிலம் உடையவர்களே. வெளியேற்ற முடியாதவனுக்கு வாய் திறக்கிறது.

அடுத்த செய்தியில் சற்றுத் தங்க விரும்புகிறேன். அலபாமாவின் ஜனநாயகக் கட்சிச் சின்னம் வெள்ளைச் சேவல். அதன்மேல் 'வெள்ளையர் மேலாண்மை' என்ற சொற்கள் 1966 தொடக்கம் வரை பொறிக்கப்பட்டிருந்தன. ஷெரிப் பதவிக்குப் போட்டியிட அக் கட்சி வாங்கிய கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 ஆக உயர்த்தினர். அக் கட்சியில் இடம் தேடுவதை விடுத்து லவுண்ட்ஸ் மக்கள் தனிக் கட்சி கண்டனர். எழுதப் படிக்கத் தெரியாதோர் பலராதலின் ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் வேண்டும்; அவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் வகுப்புகள் நடந்தன. ஷெரிப்பின் கடமை யாது, வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார் என்பவற்றைச் சித்திரக் கதைப் புத்தகங்களாக அச்சிட்டு வழங்கினர். நம் உள்ளாட்சித் தேர்தலில் நிற்போர்க்கு இப்படி ஒரு வகுப்பு நடந்து நான் கண்டதில்லை. 1966 மே 3இல் ஹேன்வில் தேவாலயத்தில் 900 பேர் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். நவம்பரில் எழுவர் போட்டியிட்டு எழுவரும் தோற்றனர். பண்ணையாட்களை வண்டியில் ஏற்றிவந்து சேவலுக்கு வாக்களிக்க வைத்தனர் என்பது அன்றைய குற்றச்சாட்டு.

தோற்ற கட்சியின் சின்னம் தோற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஓக்லந்து நகர இளைஞர்கள் அப்பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினர். அவ்வியக்கத்தின் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினர். 1980களில் அவ்வியக்கம் மதுரைக்கு வந்தது. இன்று நம் தெருச் சுவர்களில் காணும் சிறுத்தையின் பிறப்பிடம், எழுத்தறியா வாரக்குடிகள் அடையாளம் காண்பதற்காக அச்சிட்ட அந்த வாக்குச் சீட்டே.

1970இல் ஜான் ஹியூலட் ஷெரிப்பாக வெற்றி பெற்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் எந்தக் காவலைக் கண்டு மக்கள் அஞ்சினரோ அந்தக் காவல் அவர் கைக்கு வந்தது. 22 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, பின்னர் நிலப் பத்திரப் பதிவையும் தேர்தலையும் கண்காணிக்கும் பிரோபேட் நீதிபதியும் ஆனார், 2006இல் மறைந்தார். கறுப்பினத்தவரைக் காரணமின்றி அடிக்கும் காவல் அவர் காலத்தில் ஒழிந்தது. பழைய செல்வர்களோடு அவர் இணங்கிப் போனார் என்ற குறைபாடும் சொல்லப்பட்டது. என் கருத்தில் அக்குறையை அவர் ஒருவர்மேல் ஏற்றுதல் பொருந்தாது. நீதிமன்றக் கட்டடம் கைவந்தது, நிலம் வரவில்லை. வெள்ளையர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிக்கொண்டனர். 1980களில் பர்க்வில்லில் ஒரு பெரிய பிளாஸ்டிக் ஆலை எழுந்தது. பலர் மாண்ட்காமரிக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 10,311. 120 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆட்கள் குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் சாக்கடை போட யார் பணம் தருவார்?

அது வெறும் பேச்சன்று. கவுன்ட்டியின் பெரும்பகுதி வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை. அவரவர் மலக்குழித் தொட்டி அமைத்துக்கொள்ள வேண்டும். அக்கரிசல் களியோ நீரை உறிஞ்சாது. ஏற்ற தொட்டிக்கு ஆகும் செலவு ஏழையின் ஆண்டு வருவாயையே விழுங்கும். குழாய் வழியே வீட்டின் பின்புறத்தில் கழிவு தேங்குகிறது. தொட்டி இல்லாத குற்றத்துக்கு ஏழைகள்மேல் வழக்குப் போட்ட காலமும் உண்டு. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயத்தைக் கண்டது. உலகின் செல்வம் மிகுந்த நாட்டில்! அம்மண்ணின் மகளான கேத்தரின் கோல்மன் பிளவர்ஸ் பல்லாண்டு போராடி இதனை வெளியுலகுக்குக் கொணர்ந்தார். 2023 மே மாதத்தில் மத்திய நீதித்துறைக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. வழக்குகள் நிறுத்தப்பட்டன, தொட்டிகள் அமைக்கும் வேலை தொடங்கியது. 2025 ஏப்ரலில் புதிய மத்திய அரசு அவ்வுடன்படிக்கையை முடித்துக்கொண்டது.

கூடார நகர் இருந்த இடத்தில் இப்போது மத்திய அரசின் அருங்காட்சியகம் நிற்கிறது. செல்மா சாலையில் செல்வோர் அங்கே இறங்கிப் படங்களைப் பார்த்துச் செல்கின்றனர். அச்சாலையிலிருந்து விலகி மண்பாதையில் திரும்பினால், பருத்திக்காக மனிதரை விலைக்கு வாங்கிய அதே கறுப்புக் களிமண், மழைக்காலத்தில் வீட்டுக் கழிவைத் திரும்பக் குளியல் தொட்டிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.